மலையில்லாத ஊருக்கு ஒரு மவுண்டன் பைக்

உயர்தரம் இரண்டாம் வருடம், வர்த்தகப் பிரிவு

எங்கள் ஊரில் மலை கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதி. பாலங்களின் ஏற்றத்தை விட்டால் உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியிருந்தும், பிரத்தியேக வகுப்புக்குச் சைக்கிளில் போகும் என் வயதுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஆசைப்படுவது மவுண்டன் பைக்குக்குத்தான். 'பைக்' என்றதும் எங்கள் உம்மா மோட்டார் சைக்கிள் என்று நினைத்துப் பயந்துவிட்டார். விடயம் விளங்கிய பிறகு உம்மம்மா கேட்டார்: "மலையே இல்லாத ஊருக்கு அது என்னத்துக்குப் புள்ள?"

கேள்வி சரியானது. அதற்குப் பதிலும் இருக்கிறது. ஆனால் அது கடை வாசலில் பளபளவென்று நிறுத்திவைத்திருக்கும் வண்டிகளுக்குச் சாதகமான பதில் அல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் காசு குறைவாக இருக்கும்போதும் மவுண்டன் பைக் வாங்குவது எங்கள் ஊருக்கு நல்ல முடிவுதான். அதில் பொருத்தியிருக்கும் ஸ்பிரிங்குகளுக்காக வாங்குவதுதான் வீண். ஒரு சைக்கிளின் சொகுசு அதன் அளவிலும் சீட்டிலும் டயரின் காற்றிலும் இருக்கிறது. அளவையும் சீட்டையும் ஓடப்போகிறவள் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் வேறு யாராலும் தீர்மானிக்க ஏலாது. ஆகவே மகளுக்குச் சைக்கிள் வாங்கப் போகும் வாப்பாமார் மகளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் மீதிக் கட்டுரை முழுவதும்.

சைக்கிள் என்ன பெரிய விடயமா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னோடு சாதாரண தரம் வரை படித்த சிநேகிதி ஒருத்தி நல்ல பெறுபேற்றோடு விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தாள். அவளுடைய இரசாயனவியல் வகுப்பு அடுத்த ஊரில். அவளுக்குக் கிடைத்தது காக்கா ஓடி முடித்த வண்டி. அதன் பாரைத் தாண்டி நின்றால் அவளுடைய குதிகால் நிலத்தில் படாது. ஹேண்டிலை எட்டிப் பிடிக்க முதுகு வில்லாக வளைய வேண்டும். மூன்றாவது கிழமையில் கழுத்தும் இடுப்பும் நோவெடுத்து, வண்டி சுவரில் சாத்தப்பட்டது. அதன் பிறகு காக்காவின் மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும் நாளில் அவளுக்கு வகுப்பு, நிற்காத நாளில் இல்லை. இரண்டாம் தவணை முடியுமுன் அவள் கலைப்பிரிவுக்கு மாறிவிட்டாள். கலைப்பிரிவு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. அவள் அதை விரும்பித் தெரிவு செய்யவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். அந்த வீட்டில் யாரும் அவளுடைய படிப்பைத் தடுக்க நினைக்கவுமில்லை. "சைக்கிள் இருக்குத்தானே" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

உம்மம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கடற்கரைப் பக்கமாகப் போகும் குறுக்கு வீதிகள் பல இன்னும் மணல். வயல் பக்கம் போனால் கிறவல். வடகீழ்ப் பருவமழை முடியும்போது அந்தக் கிறவல் வீதிகள் கிடங்கும் மேடுமாகக் கிடக்கும். சாதாரண சைக்கிளின் மெல்லிய டயர் மணலில் வெட்டிக்கொண்டு இறங்கும், கிடங்கில் விழுந்தால் அந்த அடி நேரே முதுகெலும்புக்கு வரும். மவுண்டன் பைக்கின் டயர் ஏறத்தாழ இரண்டு அங்குல அகலம். அது மணலில் அமிழாமல் மிதந்து போகும், கிடங்கின் அடியையும் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். முதுகில் புத்தகப்பையும் வைத்துக்கொண்டு போகிறவளுக்கு இந்த அகலமான டயர் ஆடம்பரம் அல்ல.

இந்த வண்டி பிறந்த கதையே எனக்குப் பிடித்த ஆதாரம். மவுண்டன் பைக்கை ஒரு பெரிய கம்பனி யோசித்து உண்டாக்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்ற மாவட்டத்தில், சில இளைஞர்கள் மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கி விளையாடினார்கள். அதற்கு அவர்கள் எடுத்தது, யாரும் விரும்பாமல் மலிவாகக் கிடந்த 1930கள், 40களின் பாரமான பழைய வண்டிகள். காரணம், அவற்றுக்கு அகலமான டயரும் உறுதியான சட்டமும் இருந்தன. 1976இல் அவர்கள் நடத்தத் தொடங்கிய ஒரு போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர். மலை இறங்கி முடிவதற்குள் பின்சக்கரத்துப் பிரேக் சூடேறி உள்ளேயிருந்த கிரீஸ் எரிந்துபோகும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே சட்டம் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது. கவனிக்க வேண்டியது, முன்சக்கரத்துக்கு ஷொக் அப்சோபர் பூட்டும் வழக்கம் பரவியது 1990களில்தான். அதற்கு முன் பல வருடங்கள் மலையிலிருந்து பாய்ந்து இறங்கியவர்களிடம் ஸ்பிரிங் இருக்கவில்லை. அகன்ற டயரும் பழைய வண்டியுமே இருந்தன. குறைந்த காசில் வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

இப்போது கடைக்குள் போவோம். மலிவான மவுண்டன் பைக்கை விற்க மூன்று விடயங்களைக் காட்டுவார்கள். ஷொக், இருபத்தொரு கியர், டிஸ்க் பிரேக்.

ஷொக்கைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கோபம். விலை கூடிய வண்டியில் இருக்கும் ஷொக் உண்மையில் வேலை செய்கிறது. அதற்குள் காற்றோ எண்ணெயோ இருந்து, அமுங்குவதையும் திரும்பி எழும்புவதையும் கட்டுப்படுத்தும். மலிவான வண்டியில் இருப்பது பெரும்பாலும் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் மட்டும். அது கிடங்கில் அமுங்கினால் துள்ளி எழும்பும். பெடலை அழுத்தி மிதிக்கும்போதும் அமுங்கும், அப்போது நம் பலத்தில் ஒரு பங்கு வீதியில் போகாமல் ஸ்பிரிங்கில் போகிறது. பின்பக்கமும் ஷொக் உள்ள மலிவான வண்டியில் இது இரட்டிப்பு. ஏறி மிதித்தால் தொட்டில் மாதிரி ஆடும். பாரமும் கூடும். எங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது, உப்புக் காற்று. கடலோரத்தில் இரும்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளைக் கேட்டால் தெரியும். அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிட்டால், ஷொக் என்ற பெயரில் இரும்புப் பாரம் ஒன்றைச் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போக வேண்டியதுதான். ஆகவே குறைந்த காசில் இரண்டு வண்டி முன்னால் நின்றால், ஷொக் இல்லாத நேரான முன்கால் உள்ளதை எடுங்கள். பார்வைக்குப் பழைய மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

கியரை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். எங்கள் ஊருக்கு மலை இல்லையே தவிர, கச்சான் காற்று இருக்கிறது. ஜூன், ஜூலையில் வயல் வீதியால் மேற்கே மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மலை ஏறுவதற்குச் சமன். அப்போது லேசான கியர் ஒன்று கைகொடுக்கும். ஆனால் இருபத்தொன்று என்பது முன்னால் மூன்று பற்சக்கரமும் பின்னால் ஏழும் பெருக்கி வரும் கணக்கு. அவற்றில் பல ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே பலன்தான் தரும். எங்களுடைய தட்டை நிலத்தில் பின்னாலுள்ள ஏழே தாராளம். இருபத்தொன்றா இருபத்துநாலா என்று பார்த்து விலை கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும், அதை மறுக்க மாட்டேன். நல்ல மழையில் ரிம்மைப் பிடிக்கும் கட்டை பிரேக் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். ஆனால் மலிவான டிஸ்க்கின் தகடு ஒருமுறை வளைந்தால் பிறகு உராய்ந்துகொண்டே ஓடும். அதன் பேட் எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கட்டை பிரேக்கின் கட்டை எந்தச் சந்தியிலும் கிடைக்கும், பத்து நிமிடத்தில் மாற்றலாம். நானே மாற்றப் பழகிவிட்டேன்.

இனி அளவு. இதில்தான் நின்று கதைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கடைகளில் கேட்பது "இருபத்துநாலா, இருபத்தாறா?" என்று. அது சக்கரத்தின் அளவு. சக்கரம் இருபத்தாறு அங்குலமாக உள்ள வண்டி, ஐந்தடிப் பெண்ணுக்குப் பொருந்தும் சட்டத்திலும் வரும், ஆறடி ஆணுக்குப் பொருந்தும் சட்டத்திலும் வரும். பார்க்க வேண்டியது சட்டத்தின் அளவு, அதாவது பெடல் சுற்றும் அச்சிலிருந்து சீட்டுக் குழாயின் மேல் நுனி வரையுள்ள நீளம். பல வண்டிகளில் சீட்டுக் குழாயில் சிறிய ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் தையல் நாடாவால் அளக்கலாம். ஐந்தடி உயரமுள்ளவளுக்குப் பதின்மூன்று, பதினான்கு அங்குலம் பொருந்தும். ஐந்தடி நாலுக்குப் பதினைந்து, பதினாறு. கடையில் ஆண்களுக்கென்று நிற்பவை பல பதினெட்டும் அதற்கு மேலும். காக்கா ஓடி முடித்த வண்டி தங்கச்சிக்கு ஏன் சரிவருவதில்லை என்பதற்கு இந்த நாலு அங்குலமே காரணம். "சீட்டை இறக்கிக்கொள்" என்பார்கள். சீட் இறங்கும், பார் இறங்காது. ஹேண்டில் கிட்ட வராது.

பார்க்கும் முறை சுலபம். பாதணியோடு வண்டியின் பாரைத் தாண்டி நில்லுங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படிந்து, பாருக்கும் உங்களுக்கும் இடையில் குறைந்தது இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். பிறகு சீட்டில் ஏறி, ஒரு பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்படியென்றால் விரற்பக்கத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். எங்கள் பெற்றோர்கள் செய்வது இதற்கு எதிர். இருந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் முட்ட வேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். அக்கறையில் செய்வதுதான். ஓடப் பழகும் கிழமைகளுக்கு அது சரி. அதன் பிறகும் அப்படியே விட்டால் முழங்கால் நெஞ்சுவரை வந்து வந்து மிதிக்க வேண்டும், சில கிலோமீற்றரிலேயே நோவெடுக்கும். கடைசியாக ஹேண்டிலைப் பிடித்துப் பாருங்கள். முழங்கை இலேசாக மடிந்திருக்க வேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் அந்த வண்டி உங்களுக்கு நீளம். ஹேண்டிலைத் தாங்கும் கழுத்துத் துண்டைக் குட்டையானதாக மாற்றி ஓரளவு சரிசெய்யலாம். அது ஓரளவுதான்.

சீட்டைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஆனாலும் பெண்கள் கல்லூரியின் சஞ்சிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? நாம் உட்காரும்போது பாரத்தைத் தாங்குவது இடுப்பின் கீழுள்ள இரண்டு எலும்புகள். பெண்களுக்கு அவற்றின் இடைத்தூரம் பொதுவாகக் கூட. மவுண்டன் பைக்கோடு வரும் ஒடுங்கிய சீட்டில் அந்த எலும்புகள் வெளியே நிற்கும், பாரம் முழுவதும் விழக்கூடாத இடத்தில் விழும். பெண்பிள்ளைகள் "சைக்கிள் சரிவருதில்ல உம்மா" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏன் சரிவரவில்லை என்று வாப்பாவிடம் சொல்ல முடியுமா? சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். வண்டியை மாற்றத் தேவையில்லை, சீட்டை மாற்றினால் போதும். பின்பக்கம் அகலமான, மிக மென்மையாக இல்லாத சீட் ஒன்று. தலையணை மாதிரிப் பஞ்சுவைத்த சீட் கடையில் சுகமாக இருக்கும், அரைமணித்தியாலத்தில் எலும்பு அதற்குள் புதைந்து பழைய நோவே திரும்பி வரும். உம்மாமாரே, மகள் கடைக்குப் போகும்போது நீங்களும் போக முடிந்தால் இந்த ஒரு விடயத்துக்காகவே போங்கள்.

செலவே இல்லாத சொகுசு ஒன்று உண்டு, காற்று. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்தில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அதைச் செய்து பார்த்தது தன்னுடைய மகனின் மூன்று சக்கர வண்டிக்கு, கெட்டி ரப்பர் டயர் கரடுமுரடான நிலத்தில் குலுக்கியதால். இன்று உலகம் முழுவதும் ஓடும் டயரின் பின்னால் பிள்ளையின் சொகுசைப் பார்த்த ஒரு வாப்பா இருக்கிறார் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நாங்களோ அந்தக் காற்றைக் கல்லாக்கி ஓடுகிறோம். காற்றடிக்கும் கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து, கொஞ்சமும் அமுங்காவிட்டால்தான் "சரி" என்கிறோம். டயரின் பக்கத்தில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று எழுதியிருக்கும். என்னுடையதில் 40 முதல் 65 வரை என்று இருக்கிறது. மெலிந்த பிள்ளைக்கு அதில் கீழ்ப்பக்கம் போதும். நான் 40க்கும் 45க்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன். மணலில் அந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. குறிப்பிட்டதற்குக் கீழே மட்டும் இறக்கக்கூடாது, கல்லில் டியூப் கடிபட்டு ஓட்டையாகும்.

அபாயாவோடு ஓடுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. குறுக்காக நேரே போகும் பார் நமக்கு ஆகாது. மவுண்டன் பைக்கிலும் பின்பக்கம் தாழ்ந்து சாய்ந்த பார் உள்ளவை இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். செயினை முழுதாக மூடும் கவர் கியர் வண்டிக்குப் பொருந்தாது. முன் பற்சக்கரத்துக்கு வெளியே வட்டத் தகடு ஒன்று பூட்டலாம். லேடீஸ் சைக்கிளின் பின்சக்கரத்தில் துணி சிக்காமலிருக்கப் பூட்டும் வலையை இதற்கும் பூட்டலாம், சைக்கிள் திருத்துகிறவர்கள் கம்பி வளைத்துச் செய்து தருவார்கள். இவ்வளவும் செய்த பிறகும் உள்ளே நீளக் காற்சட்டை அணிந்து, அபாயாவின் ஓரத்தை ஒரு கிளிப்பால் பிடித்துக்கொள்வதே பத்திரம்.

புதிதா பழையதா என்ற கேள்வியில் நான் பழையதன் பக்கம். நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் எங்கள் காசுக்குள் புதிய மவுண்டன் பைக் ஒன்றும் வரவில்லை என்பது ஒரு காரணம். மற்றது, கணக்கீட்டுப் பாடத்தில் படிக்கும் பெறுமானத் தேய்வு. புதிய வண்டி கடை வாசலைத் தாண்டியவுடனேயே பழைய வண்டி. அந்த முதல் தேய்வை இன்னொருவர் ஏற்கனவே கட்டிவிட்ட வண்டியை வாங்கினால், இரண்டு வருடம் ஓடிவிட்டு விற்கும்போதும் கையில் ஏதோ வரும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்ற காலத்தில் எங்கள் பக்கம் சைக்கிளுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கினார்கள். பிறகு கியூஆர் முறையில் எரிபொருள் கிடைக்கத் தொடங்கியதும் மோட்டார் சைக்கிள்கள் திரும்பி வந்தன. அப்போது வாங்கிய சைக்கிள்கள் சில இன்னும் வீடுகளின் பின்பக்கம் சாக்கு மூடிக் கிடக்கின்றன. கேட்டுப் பார்த்தால் தருவார்கள். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள் விற்கும் கடைகளிலும் சிறிய சட்டங்கள் கிடைக்கின்றன.

பழையதை வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றி, ரிம் பிரேக் கட்டைக்கு நேரே ஆடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பெடல் பூட்டிய கையைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். டக் டக் என்றால் உள்ளே பெயரிங் போயிருக்கிறது. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள், கழுத்தில் ஆட்டம் இருக்கக்கூடாது. வெல்டிங் பிடித்த இடங்களை, முக்கியமாகக் கழுத்துக்குக் கீழே, விரலால் தடவிப் பாருங்கள். டயர், செயின், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் மாற்றலாம். வெடித்த சட்டத்தை மட்டும் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கக்கூடாது. விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். களவு வண்டி என்று நாளைக்கு யாரும் வாசலில் வந்து நிற்கக்கூடாது.

எங்கள் வீட்டில் ஒதுக்க முடிந்தது 30,000 ரூபா. அந்தத் தொகையை உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்தார். பதினான்கு அங்குலச் சட்டம், ஷொக் இல்லை, பின்னால் ஏழு கியர், நிறம் மங்கிய நீலம். வண்டிக்கு 21,000. இரண்டு டயர் 4,400. சீட் 1,200. பிரேக் கட்டையும் கேபிளும் 900. முன்னுக்கும் பின்னுக்கும் லைட் 1,500, மஃரிபுக்குப் பிறகு முடியும் வகுப்புக்கு இது கட்டாயம். கூலி 700. மிச்சம் வந்த 300 ரூபாவுக்குச் செயின் எண்ணெய். உப்புக் காற்றில் கிழமைக்கு ஒருமுறையாவது துடைத்து எண்ணெய் போடாவிட்டால் செயின் கறகறக்கத் தொடங்கிவிடும்.

சில பெற்றோர்கள் சொல்வார்கள், "உயர்தரம் முடியும் வரைக்கும், இரண்டு வருஷம்தானே, இருக்கிறதை ஓடட்டும்" என்று. இந்த இரண்டு வருடம்தான் எங்களுக்கு எல்லாம். மூன்று பாடம், மூன்று இடத்தில் வகுப்பு, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஆட்டோவுக்கு மாதம் மாதம் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் வண்டியின் விலை எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் போடலாம். "அது ஆம்பிளப் புள்ளைகள்ற சைக்கிள்" என்பவர்களும் இருக்கிறார்கள். அகன்ற டயருக்கு ஆண் பெண் கிடையாது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவது புதிய வழக்கமும் அல்ல, எங்கள் ராத்தாமாரும் சாச்சிமாரும் போனவர்கள்தான்.

நாங்கள் முதலில் போன கடையில் வாப்பாவுக்குக் கதிரை போட்டு, பிளேன்டீயும் கொடுத்து, இருபத்தாறு அங்குல வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் ஏறிப் பார்க்கக் கேட்டபோது, "புள்ள ஏறத் தேவையில்ல, அளவு எங்களுக்குத் தெரியும்" என்றார் கடைக்காரர். வாப்பா பிளேன்டீயைக் குடித்து முடித்தார், ஸலாம் சொன்னார், அடுத்த கடையைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.